நாயகனுக்கு இல்லாத இடைவெளி

தமிழ்த் திரைப்படத்தின் முதல் அரை நூற்றாண்டை எடுத்துக்கொண்டால், ஒரு நடிகர் திரையில் தோன்றிய விதத்துக்கும் வீட்டில் வாழ்ந்த விதத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை ரசிகர்கள் எல்லா நடிகர்களிடமும் ஒரே கோலால் அளக்கவில்லை என்பது தெரியவரும். வில்லனாக நடித்தவர் நேரில் நல்லவராக இருந்தால் அது வியப்புக்கும் பாராட்டுக்கும் உரிய செய்தியாயிற்று. நாயகனாக நடித்தவர் திரையில் இருந்ததைவிட நேரில் ஒரு மாற்றுக் குறைந்தாலும் அது துரோகமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. நகைச்சுவை நடிகருக்கு இந்தக் கணக்கே கிடையாது. நடிகைகளுக்கோ கணக்கு வேறு, தண்டனையும் வேறு. நடிப்பு என்பது இன்னொருவராகத் தோன்றும் கலை என்று அறிந்திருந்த ஒரு சமூகம் இந்த வேறுபாட்டை ஏன் கடைப்பிடித்தது என்பது ஆராய்வதற்கு உரிய கேள்வி.

‘பிம்பம்’ என்று இங்கே சொல்லப்படுவது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நடிகரின் பெயரைக் கேட்டதுமே, அவரை ஒருமுறைகூட நேரில் கண்டிராதவர் மனத்திலும் எழுகின்ற குணச்சித்திரமே அவரது பிம்பம். இங்கிலாந்தைச் சேர்ந்த திரைப்பட ஆய்வாளர் ரிச்சர்ட் டயர் 1979இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஸ்’ என்னும் நூலில், இந்தப் பிம்பம் படங்களால் மட்டும் உருவாவதில்லை என்றும், தயாரிப்பு நிறுவனங்கள் திட்டமிட்டுச் செய்யும் விளம்பரம், பத்திரிகைகள் தாமாகத் துருவிக் கண்டுபிடித்தவை போலத் தோன்றும் செய்திகள், விமர்சகர்களின் எழுத்து ஆகியவையும் சேர்ந்தே அதை ஆக்குகின்றன என்றும் விளக்கினார். இக்கருத்தை ஏற்றால், நடிகரின் ‘உண்மை முகம்’ என்று பேட்டிகளும் துணுக்குச் செய்திகளும் காட்டுவது பிம்பத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றன்று, அதுவும் பிம்பத்தின் ஓர் அங்கமே என்ற முடிவுக்கு வர நேரும். ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ போன்ற இதழ்களைப் புரட்டி, தம் அபிமான நட்சத்திரத்தை வீட்டு உடையில் பார்த்துவிட்டதாக மகிழ்ந்த வாசகர்கள், பெரும்பாலும் இரண்டாவது ஒப்பனையையே பார்த்தார்கள்.

பாத்திரத்தையும் நடிகரையும் பார்வையாளர் ஒன்றாக்கிக்கொள்வதைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது படித்தவரையும் விடாத ஒரு மனப்பழக்கம் என்பதை உளவியல் காட்டியிருக்கிறது. 1967இல் அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும், கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, எழுதியவரின் சொந்தக் கருத்து எதுவாக இருக்கும் என்று கேட்டனர். இன்ன பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்கு உத்தரவிடப்பட்டிருந்ததை முன்கூட்டியே அறிந்திருந்த மாணவர்கள்கூட, கட்டுரையில் இருந்த கருத்தை எழுதியவரின் கருத்தாகவே ஓரளவு எடுத்துக்கொண்டனர். சூழ்நிலையின் கட்டாயத்தைக் கணக்கில் கொள்ளாமல் செயலைச் செய்தவரின் குணத்தோடு ஒட்டவைக்கும் இந்தப் போக்குக்கு, லீ ராஸ் என்னும் உளவியலாளர் பத்தாண்டுகளுக்குப் பின் ‘அடிப்படைக் கற்பிதப் பிழை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசி, இயக்குநர் சொன்ன இடத்தில் அறையும் நடிகரைக் கொடியவர் என்று நினைப்பதும் இதே பிழைதான். கட்டுரை தாளில் இருந்தது, நடிகரோ முகமும் குரலும் கண்ணீருமாக நாற்பது அடித் திரையில் நிற்கிறார் என்பதால் பிழை இன்னும் ஆழமாகிறது.

இப்பிழையைத் தமிழகத்தில் வாழ்நாள் முழுதும் சுமந்தவர் எம்.என். நம்பியார். 1919இல் பிறந்து, சிறுவனாகவே நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1935இல் ‘பக்த ராமதாஸ்’ படத்தின் வழியாகத் திரைக்கு வந்த அவர் தொடக்கத்தில் வில்லனாகவே அறியப்பட்டவர் அல்லர். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தின் மையப் பாத்திரமே அவர்தான். அதில் பதினொரு வேடங்களில் தோன்றினார். ஒருவரால் பதினொருவராக மாற முடியும் என்பதைப் பார்த்த பின்னரும், திரைத்தொழில் அவரை ஒரே ஓர் ஆளாக நிறுத்திவிட்டது. உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தபடி, விழியை ஓரத்துக்கு உருட்டி, வார்த்தையைப் பல்லிடுக்கில் கடித்துத் துப்பும் அந்த ஆள், ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) சாட்டையோடும் அதே ஆண்டின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் கடற்கொள்ளைக்காரனின் வாளோடும் வந்தார். இதில் வணிகக் காரணமும் உண்டு. நம்பியார் திரையில் நுழைந்த கணத்திலேயே இவன் சொத்துக்கோ பெண்ணுக்கோ கெடுதல் செய்ய வந்தவன் என்று கொட்டகைக்கு விளங்கிவிடுவதால், அதை நிறுவக் கதாசிரியர் இரண்டு காட்சிகளைச் செலவழிக்க வேண்டியதில்லை; படத்தை ஏரியா ஏரியாவாக வாங்கும் விநியோகஸ்தருக்கும் பழகிய முகம் தரும் உறுதி பெரிது.

நேர்வாழ்வில் நம்பியார் மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குக் குழுவை அழைத்துச் சென்று ‘மகா குருசாமி’ என்று மதிக்கப்பட்டவர். இதைச் சொல்லி வியக்காத திரைப்படக் கட்டுரை இல்லை எனலாம்; 2008 நவம்பரில் அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகளிலும் கொடூர வில்லன், சாந்தமான சாமி என்ற எதிர்நிலையே தலைப்பாயிற்று. ஆனால் அந்த வியப்பில் ஒன்று விடுபட்டுப்போகிறது. ஐயப்ப வழிபாடு தமிழகத்தில் பரவியதில் நவாப் ராஜமாணிக்கத்துக்கும் அவர் மேடையேற்றிய ஐயப்பன் நாடகத்துக்கும் பங்கு உண்டு. நம்பியாரின் பக்தி வேர்விட்டது அந்தக் கம்பெனி வாழ்க்கையில்தான். எனவே அவரது நடிப்பும் பக்தியும் ஒரே நாடகக் கொட்டகையில், ஒரே குருவிடம் தொடங்கியவை. திரைமுகம் பொய், சாமி முகம் மெய் என்று பிரித்து வைப்பது, இரண்டுக்கும் பொதுவாக இருந்த கட்டுப்பாடான கம்பெனிப் பயிற்சியை மறைத்துவிடுகிறது.

நம்பியார் தனி ஒருவரல்லர். அரண்மனையே அதிரும்படி சிரித்து அஞ்சவைத்த பி.எஸ். வீரப்பா, சொந்தத் தயாரிப்பில் ‘ஆலயமணி’ (1962) போன்ற உருக்கமான படங்களைத் தந்தார். தொலைக்காட்சியின் ‘ராமாயண’த்தில் ராவணனாக வந்த குஜராத்தி நடிகர் அரவிந்த் திரிவேதி 1991இல் சாபர்காண்டா தொகுதியில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அதே தேர்தலில், அதே கட்சியில், சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் வதோதராவில் வென்றார். ராவணனாக நடித்தது தேர்தலில் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. கெட்டவனாக நடித்தவர் நல்லவராக இருப்பது அவருடைய திறமைக்கு நற்சான்றாகிவிடுகிறது. கேட்பவருக்கும் அது ஒரு நிம்மதி. நாயகனின் கணக்கில் அந்த நிம்மதிக்கு இடமில்லை.

பாடகராகவும் நாயகனாகவும் விளங்கிய எம்.கே. தியாகராஜ பாகவதரின் வரலாறு இதற்கு முதற் சான்று. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த அவரது ‘ஹரிதாஸ்’, பெற்றோரைத் துரத்திவிட்டுத் தாசியின் பின்னால் அலைந்த ஒருவன் திருந்திப் பக்தனாகும் கதை. படம் வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், நவம்பரில், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்துவந்த ‘இந்து நேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். இவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் விளைவாக 1947இல் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் சிறைக்குள் இருக்க, அவருடைய பிம்பத்தைக் காண டிக்கெட் வாங்கிய கூட்டம் குறையவில்லை. பிம்பத்துக்கு அந்த மனிதர் தேவைப்படவில்லை என்றே தோன்றுகிறது. அவர் வெளியே வந்து ‘ராஜமுக்தி’ (1948) எடுத்தபோதுதான் சிக்கல் எழுந்தது. படம் தோற்றது, அடுத்தடுத்து வந்தவையும் நிற்கவில்லை. பாட்டு மிகுந்த புராணப் படங்களின் காலம் முடிந்து அடுக்குமொழி வசனத்தின் காலம் தொடங்கியிருந்ததும் இதற்குப் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. எனினும், அதே வழக்கில், அதே சிறையில் இருந்து வந்த என்.எஸ். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949), ‘மணமகள்’ (1951) என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதைத் தொழிலாகக் கொண்டவர் சிறைக்குச் சென்று வந்ததால் அவர் பிம்பத்தில் ஒரு கீறலும் விழவில்லை. தெய்வீகப் பாடகர் என்ற பிம்பத்துக்கோ கைதி எண்ணைத் தாங்கும் வலு இருக்கவில்லை.

இப்பாடத்தைத் தமிழகத்தில் மற்ற எவரையும்விட நன்றாகக் கற்றவர் எம்.ஜி. ராமச்சந்திரன். 1936இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் தொடங்கி, நாயகனாவதற்கு 1947இன் ‘ராஜகுமாரி’ வரை காத்திருந்த அவர், நாயகனான பிறகு பிம்பத்தைத் தற்செயலுக்கு விட்டுவைக்கவில்லை. திரையில் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, தாயை மீறுவதில்லை, பெண்ணைப் பலவந்தத்திலிருந்து காப்பதில் தவறுவதில்லை என்ற நெறி ஒருபுறம். ‘தொழிலாளி’, ‘படகோட்டி’, ‘விவசாயி’, ‘ரிக்‌ஷாக்காரன்’, ‘மீனவ நண்பன்’ என்று பார்வையாளரின் பிழைப்பையே தலைப்பாக்கிய தேர்வு மறுபுறம். அதோடு நில்லாமல், சென்னையின் ரிக்‌ஷாத் தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு வழங்கியது போன்ற நேரடி ஈகைகளால் திரைக்கும் தெருவுக்கும் இடையில் தெரிந்த விரிசல்களை ஒவ்வொன்றாக அடைத்துவந்தார். அந்த ஈகை உண்மையானது, பெற்றவர்களுக்கு மழை நின்றதும் உண்மை; அது பிம்பத்துக்கு உரமாகவும் ஆயிற்று என்பதால் அதைப் போலி என்று சொல்லிவிட முடியாது. இவ்விரண்டையும் பிரிக்க முடியாதபடி இணைத்துவைத்ததே அவரது சாமர்த்தியம்.

இந்த ஏற்பாட்டின் இறுக்கத்தை ஒரே காட்சியில் பார்க்க விரும்புவோர் 1968இல் ஜெமினி நிறுவனம் அவரது நூறாவது படமாக வெளியிட்ட ‘ஒளிவிளக்கு’ படத்தைப் பார்க்கலாம். ‘ஃபூல் ஔர் பத்தர்’ என்ற இந்திப் படத்தின் தழுவலான அக்கதையில் நாயகன் திருடன், குடிகாரன். கதையின்படி அவன் குடித்தே ஆக வேண்டும், எம்.ஜி.ஆரோ திரையில் குடிக்கக் கூடாது. இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு தமிழ்த் திரையிலேயே விசித்திரமானவற்றுள் ஒன்று. கோப்பையோடு தள்ளாடும் நாயகனிடமிருந்து அவனுடைய உருவங்களே பலவாகக் கிளம்பி, அவனைச் சூழ்ந்து நின்று, குடிப்பவன் மனிதனா என்று பாட்டாலேயே இடித்துரைக்கின்றன; திரை முழுவதும் எம்.ஜி.ஆர்கள் நிற்க, அவர்களுள் ஒருவர் மட்டுமே குடித்திருக்கிறார். பாத்திரம் செய்த தவறை நடிகரின் பிம்பம் அதே சட்டகத்துக்குள் இறங்கிவந்து கண்டிக்கிறது என்பதே இதன் பொருள். பாத்திரத்துக்கும் நட்சத்திரப் பிம்பத்துக்கும் பொருத்தம் அமையாத இடங்களைப் பற்றி டயர் தம் நூலில் எழுதுகிறார். அந்தப் பொருத்தமின்மையை மறைப்பதற்குப் பதிலாகப் பாட்டாக்கிய இப்படத்துக்கு ஈடான உதாரணம் ஹாலிவுட்டில் கிடைப்பது அரிது.

எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரான பிறகு, பொதுவெளியில் வெண்ணிறத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இன்றி அவரைக் காண்பது அரிதாயிற்று. முதுமையும் வழுக்கையும் திரைக்கு வெளியேயும் அவருக்கு அனுமதிக்கப்படவில்லை. அவரது ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதே ஆட்சியில்தான் 1981இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1983இல் டாஸ்மாக் என்று இன்று அறியப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமும் தோற்றுவிக்கப்பட்டது. திரையில் கோப்பையைத் தொட மறுத்த நாயகனின் அரசே மது மொத்த வணிகத்தை ஏற்று நடத்தியது. எளியோரின் காவலர் என்ற பிம்பத்துக்கும் எளியோருக்கு அந்த ஆட்சி அளித்ததற்கும் இடையே இருந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ஆங்கில நூல் 1992இல் வெளிவந்து, பின்னர் ‘பிம்பச் சிறை’ என்ற பெயரில் தமிழாக்கமும் பெற்றது. அந்நூல் எழுப்பிய கேள்விகளில் ஒன்றுகூட எம்.ஜி.ஆரின் வாக்கு வங்கியைத் தொடவில்லை என்பது ஆசிரியரின் வாதத்துக்கு எதிரானதன்று. அதற்குச் சான்றே அது.

எதிர்முனையில் சிவாஜி கணேசன் நிற்கிறார். ‘திரும்பிப் பார்’ (1953) படத்தில் பெண்பித்தனாகவும், ‘அந்த நாள்’ (1954) படத்தில் தேசத் துரோகியாகவும் தோன்றத் தயங்காத அவரது புகழ், படத்துக்குப் படம் வேறொருவராக மாறும் ஆற்றலின்மேல் எழுந்தது. இவர் நடிக்கிறார் என்பதை ஒவ்வொரு காட்சியிலும் நினைவூட்டியதால்தான் அவர் நடிகர் திலகமானார். சொந்தக் கட்சி தொடங்கி 1989இல் திருவையாற்றில் போட்டியிட்டபோது அவர் தோற்றதற்குக் கூட்டணி, காலம் முதலிய காரணங்கள் உண்டு. ஆயினும் கட்டபொம்மனையும் கப்பலோட்டிய தமிழனையும் போற்றிய மக்கள், அவர்கள் வேறு, கணேசன் வேறு என்று தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தனர் என்பதும் கவனிக்கத் தக்கது. நல்ல நடிப்புக்கு அரசியலில் கிடைத்த பரிசு அது.

இவ்விரு வகையிலும் அடங்காதவர் எம்.ஆர். ராதா. ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தில் அவர் ஏற்ற மோகனசுந்தரம், வெளிநாட்டில் படித்துத் திரும்பி, தாயையும் மனைவியையும் இழிவுபடுத்தி, தாசியிடம் சொத்தை இழந்து, தொழுநோயில் சிதையும் கெட்டவன். ஆனால் மூடநம்பிக்கையைக் குத்திக்காட்டும் அவனது வார்த்தைகள் பெரியாரின் தொண்டராகிய ராதாவின் சொந்தக் கருத்துகள். கொட்டகை கைதட்டியது பாத்திரத்துக்கா மனிதருக்கா என்று பிரிக்க வழியில்லை. நடிகரின் கொள்கையைக் கெட்டவனின் வாயால் பேசவைத்த இத்துணிவுக்கு, வேடத்துக்கும் மனிதருக்கும் இடைவெளி உண்டு என்று பார்வையாளர் நம்பியதே பாதுகாப்பு. 1967 ஜனவரி 12 அன்று, ராமாவரம் தோட்டத்தில், ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தின் தயாரிப்பாளரையும் உடன் அழைத்துச் சென்றிருந்த ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். வில்லன் நாயகனைச் சுட்டுவிட்டான் என்று நாடு முழுவதும் அதை ஒரு படக்காட்சியாகவே வாசித்தது. கழுத்தில் கட்டோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்த எம்.ஜி.ஆரின் புகைப்படம் சுவரொட்டியாகி அடுத்த மாதத் தேர்தலில் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கு வெளியே வராமலேயே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். குண்டுக் காயத்தால் குரல் உடைந்த பிறகும் அவர் இரவல் குரலை நாடாமல் சொந்தக் குரலிலேயே பேசி நடித்தார். நிஜ உடலின் காயமும் பிம்பத்தின் சொத்தானது.

நடிகைகளின் கணக்கு வேறு என்று முன்னரே குறிப்பிடப்பட்டது. விஜயலட்சுமி என்ற பெயரில் பிறந்து, ஸ்மிதா என்ற பெயரில் நடிக்க வந்த பெண், 1980இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக்கடைப் பெண்ணாகத் தோன்றினார். அந்தப் பாத்திரத்தின் பெயர் சில்க். பாத்திரத்தின் பெயர் நடிகையின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு, சாகும்வரை விலகவில்லை. அடுத்த ஆண்டே பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் அடக்கமும் துயரமும் கொண்ட மனைவியாக அவர் நடித்துக் காட்டியும், அந்தச் சில்க் ஸ்மிதாவை யாரும் கேட்டு வாங்கவில்லை. நம்பியாரிடம் வியந்து பாராட்டப்பட்ட அதே இடைவெளி இவரிடம் இருந்ததாகக்கூட ஒப்புக்கொள்ளப்படவில்லை. கவர்ச்சி நடனம் ஆடியவர் நேரிலும் அப்படித்தான் இருப்பார் என்ற ஊகத்தைப் பத்திரிகைகள் துணுக்குத் துணுக்காக விற்றன. 1996 செப்டம்பரில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது இரங்கல் எழுதியவற்றுள் அவையும் இருந்தன. 2011இல் அவரது வாழ்வை நினைவூட்டும் வகையில் வந்த இந்திப் படமான ‘தி டர்ட்டி பிக்சர்’ பெரிய வசூல் கண்டது. அப்போதும் விலைபோனது பாத்திரத்தின் பெயரே.

இடைவெளியை மறைக்காமல் அதையே பிம்பமாக்கிக்கொண்டவர் என்று ரஜினிகாந்தைச் சொல்லலாம். பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த சிவாஜி ராவ் கெய்க்வாட், ‘மூன்று முடிச்சு’ (1976), ‘16 வயதினிலே’ (1977) முதலிய படங்களில் வில்லனாகவே கவனம் பெற்று, பின்னர் நாயகனானவர். வில்லனுக்குரிய சுதந்திரத்தில் கொஞ்சத்தைக் கையோடு கொண்டுவந்தார் என்றும் கொள்ளலாம். எம்.ஜி.ஆர். தொப்பியால் மூடிய வழுக்கையை அவர் விழா மேடைகளில் நரைத்த தாடியோடு வெளிப்படையாகக் காட்டினார். திரையில் விக்கோடு இளைஞராகத் துள்ளுபவர் நேரில் இப்படி எளிமையாக இருக்கிறாரே என்பது ரசிகர்களுக்கு ஏமாற்றமாக இல்லாமல், அபிமானத்துக்கு இன்னொரு காரணமாயிற்று. டயர் சொன்னபடி, ‘உண்மை முகம்’ பிம்பத்துக்குள் வசதியாக வந்து அமர்ந்துகொண்டது. ஆனால் இச்சலுகை மேடைக்குத்தான், திரைக்கு அன்று. ‘கபாலி’ (2016) அவரை நரைத்த தாடியும் வயதும் கொண்ட மனிதராக, மனைவியைத் தேடி அலையும் கணவராகக் காட்டியபோது, பா. ரஞ்சித்தின் அத்துணிவைப் போற்றியவர்கள் இருந்தது போலவே, தங்கள் பழைய ரஜினி எங்கே என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். அம்முணுமுணுப்புக்குப் பதில் ‘பேட்ட’ (2019) படத்தில் கிடைத்தது. நடையும் உடையும் எண்பதுகளின் குறும்பும் திரும்பிவந்தன. அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்த இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ், தாம் ரஜினியின் படங்களைப் பார்த்து வளர்ந்த ரசிகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்.